கண்டியில் கிறிஸ்தவர்களின் சமயச் சுதந்திரம்

கண்டி இராச்சியத்திலும் இன்றைய கண்டிப் பகுதியிலும் கிறிஸ்தவர்கள் பெற்ற புகலிடம், எதிர்கொண்ட ஒடுக்குமுறை, சட்டப் பாதுகாப்பு ஆகியவற்றை இத்தலைப்பு குறிக்கும். 17ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கத்தோலிக்கரை ஒடுக்கியவர்களும் கிறிஸ்தவர்களே. 1658இல் போர்த்துக்கேயரை முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் தருவதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினர். தப்பியோடியவர்களுக்கு இடங்கொடுத்தது பௌத்தக் கண்டி. 1687இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ் அடிகளார், 1692இல் கண்டியை அடைந்தபோது ஒற்றரென்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். ஐயம் நீங்கியபின் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைப் பணியாற்ற அனுமதித்தான். 1697இல் பெரியம்மை பரவியபோது அடிகளார் சமய வேறுபாடின்றி நோயாளரைப் பேணினார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே காலமான அவரை, 2015 ஜனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

இவ்வரலாறு கண்டி மன்னரின் பெருந்தன்மைக்குச் சான்று. எனினும் அந்தச் சுதந்திரம் மன்னனின் மனத்தில் மட்டுமே தங்கியிருந்தது. 1739இல் அரியணை ஏறிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். சுமார் அரை நூற்றாண்டாகக் கட்டிய திருச்சபை சில ஆண்டுகளில் சிதறியது. ஒருவர் கொடுத்ததை அடுத்தவர் பறிக்க முடியுமானால், அது சலுகையே தவிர உரிமை ஆகாது. 1815 மார்ச் 2இல் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு பௌத்தத்துக்குப் பாதுகாப்பளித்தது. அந்நிய ஆட்சியின் கீழ் வரும் பெரும்பான்மையினருக்கும் எழுத்து மூலமான உறுதிமொழி தேவைப்பட்டதை அது காட்டுகிறது.

இன்று அந்த உறுதிமொழி 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் உள்ளது. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கிறது. 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், 14(1)(உ) வழிபடவும் போதிக்கவும் உள்ள உரிமையையும் காக்கின்றன. ஆனால் 2003இல் கத்தோலிக்க அருட்சகோதரிகளின் சபையொன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், சமயத்தைப் பரப்பும் உரிமையை ஏற்கவில்லை. 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு அதை உரிமை மீறல் என்றது. 2008ஆம் ஆண்டின் சுற்றுநிருபம் புதிய வழிபாட்டிடங்களுக்கு அமைச்சின் அனுமதியைக் கோரியது. அதைக் காட்டிச் சிறு சுவிசேஷ சபைகளின் ஆராதனைகளை அதிகாரிகள் நிறுத்தியதாகத் திருச்சபை அமைப்புகள் தொடர்ந்து முறையிட்டுள்ளன. பேராலயமும் பழைய கல்லூரிகளும் உள்ள கண்டியில் பெரிய சபைகளுக்கு நெருக்கடி குறைவு. வீட்டில் கூடும் ஏழைகளின் சபையே எளிதில் இலக்காகிறது.

கிறிஸ்தவம் காலனியாதிக்கத்துடன் வந்தது, பணத்தால் மதம் மாற்றுகிறது என்ற குற்றச்சாட்டைப் புறக்கணிக்க முடியாது. போர்த்துக்கேயர் கோயில்களையும் விகாரைகளையும் இடித்தது உண்மை. அந்தக் காயமும் உண்மை. ஆயினும் மூதாதையர் காலத்து ஆட்சியாளரின் குற்றத்துக்கு இன்றைய தோட்டத் தொழிலாளியின் செபக் கூட்டம் பொறுப்பாகாது. வற்புறுத்தலும் ஏமாற்றும் நிரூபிக்கப்பட்டால் தண்டிக்கலாம். அதற்காக மதமாற்றத்தையே சந்தேகத்துக்குரிய செயலாக்க முயன்ற 2004ஆம் ஆண்டுச் சட்டமூலத்தின் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றமே தீர்மானித்தது. பௌத்தத்தின் முதன்மை இடம் இதனால் குறையாது. வாஸ் அடிகளாரை விடுவித்த மன்னன் பௌத்தத்தைக் கைவிட்டவன் அல்லன். 2018 மார்ச்சில் கண்டிக்கு அருகிலுள்ள திகனையில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டதும், 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புத் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்ததும், ஒரு சமயத்தாரின் பாதுகாப்பைத் தனியே பிரித்துக் காக்க முடியாது என்பதையே உணர்த்துகின்றன. எனவே கண்டிக் கிறிஸ்தவரின் சுதந்திரம் அயலவரின் நல்லெண்ணத்தோடு, எல்லாச் சமயத்தாருக்கும் ஒரே அளவாகச் செயற்படும் சட்டத்திலும் வேரூன்ற வேண்டும்.