பையும் பெட்டியும்

தங்கைக்கு இது பிரசவ மாதம். ஆஸ்பத்திரிக்குச் சின்னப் பை ஒன்று போதுமே என்றேன். தூக்கிக்கொண்டு ஓடப் போகிறவன் நான்தானே! அம்மா கேட்டால்தானே? பல வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன நூல் வேட்டிகளைக் கிழித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். "எது இல்லாவிட்டாலும் துணி வேணும்டா" என்றாள்.

பின்லாந்து தேசத்தாருக்கும் இது தெரிந்திருந்தது. 1930-களில் அங்கே பிறந்த குழந்தைகளில் 1000-க்கு 65 வீதம் ஒரு வயது நிரம்புமுன் மாண்டன. 1937-ல் சட்டம் செய்து, 1938 முதல் ஏழைத் தாய்மாருக்குச் சர்க்காரே பிரசவப் பெட்டி கொடுத்தது. உள்ளே பெரும்பாலும் துணிதான். சட்டை தைத்துக்கொள்வது தாயின் பாடு. யுத்தம் வந்தது. பருத்தித் துணி ராணுவத்துக்குப் போயிற்று. பச்சைக் குழந்தைக்குக் காகித விரிப்பு! பாவம், அந்தத் தாய்மார் என்ன செய்திருப்பார்கள்?

1949-ல் ஏழை, பணக்காரர் பேதமில்லாமல் எல்லாருக்கும் பெட்டி என்று ஆயிற்று. ஆனால், நாலாம் மாதம் முடியுமுன் டாக்டரிடமோ மருத்துவச்சியிடமோ காட்டிக்கொண்டிருக்க வேண்டும். இந்தத் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பரிசோதனை என்றால் வராதவர்கூடத் துணி என்றால் வருவார் அல்லவா?

நம் தமிழ்நாட்டிலும் 2015-ல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பிரசவிக்கும் தாய்மாருக்கு 16 பொருள்கள் அடங்கிய பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அம்மாவிடம் சொன்னேன்.

"அதிலே பழைய வேட்டி உண்டோ?" என்று கேட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்துக் கிழித்தாள்.