இலுப்பையும் பனையும் சவர்க்காரமும்: வன்னி மக்களின் மேனி பேணல் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இன்று ஒரு கடைக்குட் சென்று சவர்க்காரம் கேட்போமாயின், 'இயற்கை' என்றும் 'மூலிகை' என்றும் 'சேதனம்' என்றும் முத்திரை தாங்கிய பல பொருள்கள் நம்முன் வைக்கப்படும். முகத்துக்குப் பூசுவன, தலைக்குத் தேய்ப்பன யாவற்றுக்கும் இம்முத்திரைகள் வந்துவிட்டன. இவற்றுள் எதனைத் தெரிவது என்பது வாங்குவோர் எதிர்நோக்கும் வினா. இதனை வெறும் விலையும் விருப்பமும் பற்றிய வினாவாகக் கொள்ளாது, வன்னிப் பெருநிலப்பரப்பின் சமூக வரலாற்றோடு பொருத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனியைப் பேணுதல் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், மாதவி பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரிலே கூந்தலைக் கழுவிய செய்தி கூறப்படுகின்றது. ஆயின் அது செல்வம் கொழித்த துறைமுக நகரொன்றின் கணிகையர் குல மரபு. உழைத்துக் களைத்த உடலின் எண்ணெய்ப் பிசுக்கையும் வயற்சேற்றையும் போக்கிய எளிய மக்களின் மரபு ஏடுகளில் அவ்வாறு விரிவாக இடம்பெறவில்லை. அது வழக்கிலும் சடங்கிலுமே வாழ்ந்து வந்துள்ளது. வன்னியின் வரலாறு இவ்விரண்டாவது வகையைச் சார்ந்தது.

வன்னி குளங்களின் நாடு. காடு சூழ்ந்த நாடு. குளக்கரைகளிலும் கோயில் வீதிகளிலும் ஓங்கி வளர்ந்த மரங்களுள் இலுப்பைக்குத் தனியிடம் உண்டு. இலுப்பைக்குளம், இலுப்பைக்கடவை என ஊர்களே அதன் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இலுப்பைப் பழத்தின் சதையை வௌவால்கள் உண்டு விதையைக் கீழே போட்டுச் செல்லும். மரத்தடியில் அவற்றைப் பொறுக்கிக் காயவைத்துச் செக்கிலே ஆட்டினால் எண்ணெய் கிடைக்கும். எண்ணெய் கோயில் விளக்குக்கும் வீட்டு விளக்குக்கும் ஆயிற்று. எஞ்சிய பிண்ணாக்கே அரப்பு. தமிழ்நாட்டில் அரப்பு என்றால் உசிலமரத்தின் இலைத்தூளைக் குறிக்கும். நம் நாட்டிலோ அது பெரும்பாலும் இலுப்பைப் பிண்ணாக்கையே சுட்டும். அரப்பை ஊறவைத்தோ அவித்தோ கரைத்து, எண்ணெய் தேய்த்த தலையில் வைத்து முழுகினர். மானாவாரியாக விளைந்த எள்ளிலிருந்து நல்லெண்ணெயும், வீட்டுப் பயறிலிருந்து மாவும், கொல்லையிலிருந்து எலுமிச்சையும் மஞ்சளும் கிடைத்தன. இங்கு ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். இவற்றுள் எதுவும் மேனியழகுக்கெனத் தனியே உண்டாக்கப்பட்ட பண்டமன்று. மரம், செக்கு, விளக்கு, வயல், குளம் என்னும் தொடரின் ஒரு கண்ணியாகவே அரப்பு அமைந்தது. விளக்கு எரிந்த ஊரில் அரப்பு இருந்தது.

சடங்குகளும் இம்மரபைக் காத்தன. சித்திரைப் புத்தாண்டில் தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், சுக்கு, பால் முதலியன சேர்த்துக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகுதலும், திருமணத்துக்கு முன் பாலும் அறுகும் வைத்து மணமக்களை முழுகவைத்தலும் இன்றும் நிகழ்வன. முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் பற்றிய ஐதிகமும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்த சிறுவரிடம் மூதாட்டி வடிவில் வந்த அம்மன், தன் தலையில் பேன் பார்க்குமாறு கேட்டாளாம். பார்த்த சிறுவர் அத்தலையில் ஆயிரம் கண்களைக் கண்டனராம். தலை பார்த்தல் என்னும் அன்றாட அன்புப் பணி தெய்வத்தின் கதைக்குள்ளும் இடம்பெறும் அளவுக்கு அம்மக்களின் வாழ்வில் ஊன்றியிருந்தது.

ஆயினும் பழமையைப் பொற்காலமாகப் புனைதல் வரலாற்று மாணவர்க்கு அழகன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னி உள்ளிட்ட உலர்வலயக் கிராமங்களைப் பறங்கி நோய் வாட்டியது. தோலையும் எலும்பையும் அரித்த அந்நோய் பற்றிப் பிரித்தானிய அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்த கின்சி 1881ஆம் ஆண்டில் தனி அறிக்கையே வெளியிட்டார். அரப்பும் மஞ்சளும் அன்றும் இருந்தன. எனினும் அவை பறங்கியை ஒழிக்கவில்லை. அதனை ஒழித்தவை நவீன மருந்துகளே. இயற்கைப் பொருளுக்கு ஓர் எல்லை உண்டு என்பதனை இது உணர்த்துகின்றது.

சவர்க்காரத்தின் வருகை அடுத்த கட்டம். 1938ஆம் ஆண்டில் லீவர் சகோதரர் கம்பனி கொழும்பிலே நிலைகொண்டது. 1941இல் தோன்றிய சுவதேசி நிறுவனம் வேம்பின் சிங்களப் பெயரான கொஹொம்ப என்பதனைத் தாங்கிய சவர்க்காரத்தைப் பரப்பியது. யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் சவர்க்காரத் தொழிலை நடத்திய க. கனகராசா பனை நடுகைக்கும் பெருந்தொண்டாற்றினார். 'மூலிகைச் சவர்க்காரம்' நேற்றுப் பிறந்ததன்று என்பதும், சுதேசிய உணர்வோடு சேர்ந்தே அது வளர்ந்தது என்பதும் இவற்றாற் புலனாகும். காலப்போக்கிற் சவர்க்காரமே நாகரிகத்தின் அடையாளமாயிற்று. அரப்பு வெள்ளிக்கிழமை முழுக்குக்கும் சடங்குக்கும் உரியதாய்ச் சுருங்கியது. மின்விளக்கும் மண்ணெண்ணெயும் வரவே இலுப்பைச் செக்குகளும் ஓய்ந்தன.

இந்நிலையிலேதான் 1990ஆம் ஆண்டு யூனில் மீண்டும் போர் மூண்டது. வடபகுதிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் எரிபொருள், மின்கலம், மருந்து முதலியவற்றோடு சவர்க்காரமும் அரும்பொருளாயிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து தொடங்கிய பேரிடப்பெயர்வின் பின் பெருந்தொகையான மக்கள் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். தறப்பாளின் கீழும் மரநிழலிலும் வாழ்ந்த அம்மக்களுக்குத் தூய்மை என்பது அழகைப் பற்றியதன்று. சொறியும் சிரங்கும் குழந்தைகளை அணுகாது காப்பதைப் பற்றியது. அப்போது கைகொடுத்தவை பனையும் இலுப்பையுமே. பனம்பழத்தைப் பிசைந்து களியெடுத்து நீரிற் கரைத்து உடுப்புத் தோய்த்தனர். கொடியிற் காய்ந்த உடுப்பில் எஞ்சிய பழவாசனைக்கு மாடுகள் வந்து அவற்றைச் சப்பிச் சென்றமையை அந்நாள்களை அறிந்தோர் சிரிப்போடும் துயரோடும் நினைவுகூர்வர். அரப்பு மீண்டும் கிணற்றடிக்கு வந்தது. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்னும் பழமொழி சவர்க்காரத்துக்கும் பொருந்தி வந்த காலம் அது.

இம்மாற்றுப் பொருள்கள் பயன்பட்டமைக்கு அறிவியற் காரணம் உண்டு. இலுப்பைப் பிண்ணாக்கில் நுரையை உண்டாக்கி எண்ணெய்ப் பசையை நீரோடு சேர்த்துக் கழற்றும் சபோனின் என்னும் சேர்வைகள் உள்ளன. பனங்களியின் கசப்புக்குக் காரணமான பிளபெலிபெரின்களும் சபோனின்களே என்பதனை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டியுள்ளனர். இதே சபோனின் மீனின் பூவைத் தாக்குவதால், இலுப்பைப் பிண்ணாக்கு மீனை மயக்கிப் பிடிக்கும் நஞ்சாகவும் பயன்பட்டுள்ளது. கண்ணிற்பட்டால் எரியும் அரப்பைக் குழந்தையின் தலையில் எவ்வளவு வைப்பது, எவ்வாறு கழுவுவது என்பதனை மூத்த பெண்கள் அறிந்திருந்தனர். அவர்கள் வைத்திருந்தது பொருள் மட்டுமன்று. அதனை அளந்து பயன்படுத்தும் அறிவுமாகும். தடைக்காலத்தில் மக்களைக் காத்தது மரமும் அறிவும் ஒருங்கே எஞ்சியிருந்தமையே.

2002ஆம் ஆண்டில் தடை தளர்ந்தது. 2009இல் போர் முடிந்தது. ஏ-9 வீதிவழியே பண்டங்கள் யாவும் வந்து சேர்ந்தன. முன்பு வறுமையின் அடையாளமாய் இருந்த 'இயற்கை' இன்று கூடிய விலைக்கு விற்கும் பண்டமாகியுள்ளது. தெரிவு இல்லாத காலத்தில் மக்கள் பட்ட இன்னலை 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' எனப் புகழ்தல் அவர்க்குச் செய்யும் அநீதி. அதேவேளை, அவர்கள் பேணிய அறிவைப் புறந்தள்ளி முத்திரையை மட்டும் நம்புதல் நமக்கு நாமே செய்யும் அநீதி.

முத்திரை எவ்வளவு உறுதியானது? அழகுப்பொருள்களின் இயற்கை, சேதனக் கூறுகளைக் கணிப்பதற்குச் சர்வதேச நியம அமைப்பு 2016, 2017ஆம் ஆண்டுகளில் வகுத்த வழிகாட்டி, பொதியில் என்ன சொல்லலாம் என்பதனைத் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை. ஒரு துளி வேப்பெண்ணெய் சேர்ந்தாலும் பொதியில் வேப்பிலைப் படம் இடம்பெறலாம். எந்த மூலிகையின் பெயரைத் தாங்கினும் சவர்க்காரம் அடிப்படையிற் கொழுப்பும் காரமும் சேர்ந்து விளைவதே. சேதனம் என்பதோ மூலப்பொருள் பயிரிடப்பட்ட முறையைக் குறிக்கும் சொல்; தோலுக்கு ஊறு செய்யாது என்னும் உறுதிமொழியன்று. இவற்றினும் கொடியது வெண்மை மோகம். மேனியை வெளுப்பிக்கும் களிம்புகள் சிலவற்றிற் சேர்க்கப்படும் பாதரசம் தோலின் நிறமியைத் தடுப்பதோடு சிறுநீரகத்தையும் பழுதாக்கும். 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய களிம்புகளுக்கு வரம்பு விதித்தது. 2023இல் அதன் உறுப்பு நாடுகள் அவ்வரம்பையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுப்பொருள்கள் யாவற்றையும் 2025ஆம் ஆண்டுடன் ஒழிக்கத் தீர்மானித்தன. வெயிலில் நின்று நாற்று நட்ட வன்னிப் பெண்ணின் கருமையைக் குறையெனக் கூறும் பொருள், எந்த இலையின் படத்தைத் தாங்கினும் இயற்கைக்கு மாறானதே.

எனவே, வாங்கும் பொருளில் என்னென்ன உள்ளன, அவை எங்கிருந்து வந்தன, எவ்வளவு எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தருவதையே தெரிதல் தகும். விடை தராத பொதியை, அது எத்துணைப் பச்சையாயினும், விலக்குதல் நன்று. புதியது எதுவாயினும் முதலிற் கையின் ஓரத்திற் சிறிது பூசிப் பார்த்தல் எளிய காப்பு. நோய் கண்ட தோலுக்கு மருத்துவரே துணை. பறங்கியின் வரலாறு அதனையே கற்பிக்கின்றது.

அரப்பு பற்றிய வினாவுக்கு விடை கூறவல்ல மூத்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் அறிந்தவற்றைப் பதிவு செய்தல் கலைப்பீட மாணவராகிய நமக்கும், அதன் வேதியியலைச் சோதித்தல் விஞ்ஞான மாணவர்க்கும் உரிய கடன். இலுப்பை விரைந்து பயன்தரும் மரமன்று. நடுபவர் பெரும்பாலும் தம் பிள்ளைகளுக்காகவே நடுகின்றனர். தடைக்காலத்தில் நம் பெற்றோர் பொறுக்கிய விதைகளும் அவ்வாறு யாரோ முன்னையோர் நட்ட மரங்களிலிருந்தே விழுந்தன. அக்கடனை நாம் குளக்கரையிலேயே திருப்பிச் செலுத்தல் வேண்டும்.