திருத்தணியில் பிறந்த பாட்டும் அதன் காலப்பிரமாணமும்

ஒரு பாட்டின் சொற்களை ஏட்டிலும், சுரங்களைக் குறியீட்டிலும் எழுதி வைக்கலாம். அது எவ்வளவு மெதுவாகப் பாடப்பட்டது, கேட்டவர் உள்ளத்தில் எந்த உணர்ச்சியை எழுப்பியது என்பவற்றை எவ்வாறு எழுதி வைப்பது? இசை வரலாற்றைக் கற்கும் மாணவர் முன் நிற்கும் வினாக்களுள் இது முதன்மையானது. இதற்கு விடை தேட, திருத்தணிகை மலைக்கு உங்களை அழைக்கிறேன்.

திருவாரூரில் 1775-இல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், காசியில் சிதம்பரநாத யோகியிடம் பயின்றபின், சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் குடும்பத்தாருடன் வந்து சேர்ந்தார். அங்கிருந்து அவர் திருத்தணிகைக்குச் சென்றார். சந்நிதியில் முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்தார் என்பது மரபு வழிச் செய்தி. அன்று பிறந்ததாகக் கூறப்படும் முதற் பாட்டே ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ எனத் தொடங்கும் வடமொழிக் கிருதி. எட்டு வேற்றுமைகளில் அமைந்த எட்டுக் கிருதிகளுள் முதல் வேற்றுமைக்கு உரியது இது. இராகம் மாயாமாளவகௌளை, தாளம் ஆதி.

இந்த இராகத்தை நீங்கள் அறிவீர்கள். இசை கற்கும் குழந்தை முதன்முதலாகப் பாடும் சரளி வரிசை இதில்தான் அமைந்துள்ளது. ‘ச’வுக்கும் ‘ரி’க்கும் இடைவெளி சிறிது, ‘ரி’க்கும் ‘க’வுக்கும் பெரிது, ‘க’வுக்கும் ‘ம’வுக்கும் மீண்டும் சிறிது. ‘ப’ முதல் மேல் ‘ச’ வரையிலும் இதே அமைப்பே திரும்ப வருகிறது. இரு பாதிகளும் ஒத்திருப்பதால் இராகத்தில் ஒரு நிறைவு தோன்றுகிறது. ஆயினும் இராகம் மட்டுமே பாட்டின் உணர்ச்சியைத் தீர்மானித்துவிடுவதில்லை.

ஐரோப்பாவை நோக்கினால் இது மேலும் விளங்கும். இத்தாலியில் 1685-இல் பிறந்து 1757-இல் ஸ்பெயினில் மறைந்த டொமினிகோ ஸ்கார்லட்டி, ஹார்ப்சிகார்டு என்னும் விசைப்பலகைக் கருவிக்காக ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சொனாட்டாக்களை இயற்றினார். அவர் கைப்பட எழுதிய ஏடுகள் நமக்குக் கிட்டவில்லை. பிறர் எடுத்த படிகளே உள்ளன. அவற்றில் பலவற்றின் தலைப்பில் ‘அல்லெக்ரோ’, ‘பிரெஸ்டோ’ என்பன போன்ற விரைவுச் சொற்கள் காணப்படுகின்றன. ஆனால், விரைவு என்றால் எவ்வளவு விரைவு? நிமிடத்திற்கு இத்தனை தட்டு என்று அளந்து காட்டும் மெட்ரோனோம் கருவிக்கு மெல்ஸெல் உரிமம் பெற்றது 1815-இல்தான். ஆகவே ஒரே சொனாட்டாவை இருவர் இருவேறு விரைவில் வாசித்து இசைத்தட்டில் பதிந்தால், ஒன்று களிப்பாகவும் மற்றொன்று ஏக்கமாகவும் ஒலிக்கக் கூடும்.

ஹார்ப்சிகார்டில் தந்தியை ஓர் இறகு முனை மீட்டுகிறது; நாதம் விரைவில் தேய்கிறது. வீணையிலும் மீட்டிய நாதம் தேயும். ஹார்ப்சிகார்டு வாசிப்பவர் அந்த வெற்றிடத்தை அடுத்தடுத்த சுரங்களாலும் அலங்காரத் துள்ளல்களாலும் நிரப்புகிறார். வீணை வாசிப்பவரோ இடக்கையால் தந்தியை இழுத்து, ஒரே மீட்டில் பல சுரச் சாயல்களைக் காட்டுகிறார். இதுவே கமகம். கமகம் விரிவதற்குக் காலம் வேண்டும். வைணிகரான தீட்சிதரின் கிருதிகள் பல சௌக்க காலத்தில் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. மெதுவாகச் செல்லும் அடிகளின் முடிவில், இரட்டித்த நடையில் மத்தியம காலச் சொற்கள் வரும். நிதானம் முன்னே இருந்தால்தான் அந்த விரைவுக்குப் பொருள் உண்டு.

இதற்குத் தீட்சிதரே சான்று தருகிறார். ஆங்கிலேயர் இசையைக் கேட்டு, அதன் மெட்டுகளுக்கு அவர் வடமொழிச் சொற்களை அமைத்தார். நோட்டுஸ்வரம் எனப்படும் அப்பாடல்கள் சங்கராபரணச் சுரங்களில் அமைந்தவை. ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்பது ஆங்கிலேய அரச வாழ்த்தின் மெட்டு. அவற்றில் கமகம் இல்லை. சுரங்கள் நேராக நடக்கின்றன. ஆனால் ‘அக்ஷயலிங்க விபோ’ என்னும் அவருடைய சங்கராபரணக் கிருதியைக் கேளுங்கள்: அதே சுரங்கள், முற்றிலும் வேறான உணர்ச்சி! வேற்றுமை நடையிலும் கமகத்திலும் இருக்கிறது.

இந்த நடை நம்மிடம் வந்த வழி என்ன? தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவர் குடும்பத்து வழித்தோன்றலான சுப்பராம தீட்சிதர், 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைத் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டார், ஒவ்வொரு கமகத்திற்கும் தனிக் குறியீடு தந்தார். 1960 ஏப்ரல் 1-இல்தான் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆனால் அங்கே பிறந்த வடமொழிப் பாட்டு, தமிழ் மண்ணில் தெலுங்கு எழுத்தில் அச்சேறி, அதற்கு முன்பே எல்லைகளைக் கடந்துவிட்டது.

அச்சுக்குப் பின் இசைத்தட்டு வந்தது. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழன்ற பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். சௌக்க காலக் கிருதிக்கு அது போதாது. பாடுவோர் அடிகளைக் குறைக்கவோ, நடையை விரைவாக்கவோ நேர்ந்தது. 1948-இல் நீண்ட நேர இசைத்தட்டு வந்தபின் அந்த நெருக்கடி நீங்கிற்று. ஆகவே பழைய பதிவு ஒன்றைக் கேட்டு, ‘அக்காலத்தில் இப்படித்தான் பாடினார்கள்’ என்று முடிவு கட்டுவதற்கு முன், பாடியவரின் மரபையும் தட்டின் அளவையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

முருகன் போர்ச்சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் அது தணிகை ஆயிற்று என்பர். கந்த சஷ்டியில் மற்றத் தலங்களில் நிகழும் சூரசம்ஹாரம் அங்கே நிகழ்வதில்லை. அத்தலத்துப் பாட்டில் நான் தேடுவதும் அந்தத் தணிவையே. மாணவ நண்பர்களே, இக்கிருதியின் இரண்டு பதிவுகளையேனும் தேடிக் கேளுங்கள். கையில் தாளமிட்டு, ஓர் ஆவர்த்தனத்திற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள், கமகங்களைக் கவனியுங்கள். எந்த நடையில் அந்தத் தணிவு உங்களுக்குக் கிட்டுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.