கடவுள் வழக்கும் கம்பளை நகரும்

கண்டி மாநகருக்குத் தெற்கே, மகாவலி கங்கையின் கரையிலே அமைந்தது கம்பளை. பதினான்காம் நூற்றாண்டில் சிங்கள மன்னர்கள் அங்கிருந்து அரசு செலுத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு ஆளும் பொருளும் செல்லும் வழியில், அது ஒரு வாணிகப் பட்டினமாயிற்று. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஆங்கிலேயரும் கூடிய அந்நகரிலே, 1871 ஆம் ஆண்டு ஒரு வழக்கு நடைபெற்றது. அவ்வழக்குக்கு நீதிபதி இல்லை, தீர்ப்பும் எழுதப்படவில்லை. பௌத்தர் ஒருபுறமும் கிறிஸ்தவர் மறுபுறமும் நின்று, எவருடைய சமயம் மெய்ச்சமயம் என்று பொதுமக்கள் முன்னிலையில் வாதாடினர். அவ்வாதத்தின் அடியிலே கிடந்த வினா மிகப் பழையது: இவ்வுலகைப் படைத்த ஒருவன் உளனா, இலனா?

கம்பளை வாதம் தனித்து எழுந்ததன்று. 1849 இல், பாளி மொழியை நன்கு பயின்ற வெஸ்லியன் பாதிரியார் டானியல் கோகர்லி, 'கிறிஸ்தியானி பிரக்ஞப்தி' என்னும் சிங்கள நூலை வெளியிட்டார். பௌத்த நூல்களைக் கொண்டே பௌத்தத்தை மறுப்பது அந்நூலின் போக்கு. அச்சியந்திரம் பாதிரிமார் கையில் இருந்த காலம் அது. 1862 அளவிலே பிக்குமாரும் அச்சகம் நிறுவி மறுப்பு நூல்களை வெளியிடத் தொடங்கினர். ஏட்டில் நடந்த போர் பின்னர் மேடை ஏறிற்று. 1865 இல் பத்தேகமையிலும் வராகொடையிலும், 1866 இல் உடன்விடவிலும், 1871 இல் கம்பளையிலும், இறுதியாக 1873 ஓகஸ்ட் 26, 28 ஆகிய இரு தினங்களில் பாணந்துறையிலும் வாதங்கள் நிகழ்ந்தன. பௌத்தர் பக்கத்தில் பெரும் புகழ் பெற்றவர், கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமையைச் சேர்ந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர்.

வாதத்தின் தன்மையைப் பாணந்துறையில் பேசப்பட்டவை நன்கு காட்டும். அங்கே கிறிஸ்தவர் பக்கத்தில் டேவிட் டி சில்வா பாதிரியாரும் சிறிமான்ன என்னும் உபதேசியாரும் பேசினர். ஒருவர் பேசும்பொழுது மற்றவர் குறுக்கிடாது கேட்டல் வேண்டும். பின்னர் அவருக்கும் அவ்வளவு நேரம் உண்டு. ஆன்மா என நிலைத்த பொருள் ஒன்று இல்லை என்று பௌத்தம் கூறுமாயின், இப்பிறவியில் செய்த வினையின் பயனை மறுபிறவியில் நுகர்பவன் யார் என்று டி சில்வா வினவினார். மறுபிறவி எடுப்பவன் முன்னிருந்தவனே அல்லன், முற்றிலும் வேறானவனும் அல்லன் என்பது தேரர் தந்த விடை. பின்னர் அவர் தம் வினாக்களைத் தொடுத்தார். முற்றறிவுடைய கடவுள், எகிப்து நாட்டிலே தம் மக்களின் வீடுகளை அடையாளங் காண்பதற்கு, வாயில் நிலைகளிலே இரத்தம் பூசச் சொல்லியது ஏன்? மனிதனைப் படைத்ததற்காகப் பின்னர் மனம் வருந்தினார் எனில், வருங்காலம் அவருக்கு முன்னமே தெரியாதோ? அவ்வினாக்களுக்கும் மறுமொழி கூறப்பட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் அமர்ந்து கேட்டனர். முடிவிலே 'சாது' என்ற ஆரவாரம் எழ, தேரரே எழுந்து கூட்டத்தை அமைதிப்படுத்தினார் என்பர்.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்திலும் இத்தகைய போர் நடந்தது. 1847 டிசம்பர் 31 ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கம் செய்யத் தொடங்கிய ஆறுமுக நாவலர், 1854 இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதிப் பாதிரிமாரின் கண்டனங்களை மறுத்தார். நாவலரும் தேரரும் எதிர்த்தது ஒரே தரப்பினரை. எனினும் இருவர் விடையும் ஒன்றன்று. பரம்பொருள் உண்டு, அது சிவமே என்றார் நாவலர். படைப்புக் கடவுள் வேண்டியதே இல்லை என்றார் தேரர். ஆத்திகர் ஒரு கட்சி, நாத்திகர் மற்றொரு கட்சி என்று உலகை இரண்டாகப் பிரித்துவிடுதல் எளிதன்று என்பதற்கு இதுவே சான்று. கடவுளை மறுக்கும் பௌத்தன் வினையையும் மறுபிறப்பையும் அறத்தையும் ஏற்கிறான். அவனை உலகாயதனோடு ஒரே கூட்டத்தில் அடைத்தல் பொருந்தாது.

தமிழர் இவ்வேறுபாட்டை முன்னமே உணர்ந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், காட்சியை மட்டுமே அளவையாகக் கொள்ளும் உலகாயதனை முதலில் நிறுத்தி மறுக்கிறது; பௌத்தரை நால்வகையாகப் பகுத்து அதன் பின்னரே எடுத்துக்கொள்கிறது. எதிரியின் கொள்கையை முதலில் எடுத்துரைத்து, பின்னர் மறுப்பது அந்நூலின் நெறி. ஈழத்துப் பௌத்தரோடு மாணிக்கவாசகர் தில்லையிலே வாதிட்டார் என்பது திருவாதவூரர் புராணம் கூறும் கதை. ஊமையாயிருந்த ஈழ மன்னன் மகளே பௌத்தரின் வினாக்களுக்கு விடை பகர்ந்தாள் என்று அக்கதை செல்லும். மதுரையிலே சமணர் தோற்றுக் கழுவேறினர் என்று பெரிய புராணம் கூறும். பழங்கதைகளிலே வாதத்தில் தோற்றவன் குரலை இழந்தான். சில வேளை உயிரையும் இழந்தான். கம்பளையிலும் பாணந்துறையிலும் வாதிட்டோர் அத்தகைய அச்சமின்றி வாதிட்டனர். பேசி முடிந்ததும் அவரவர் தம் வீட்டுக்கும் விகாரைக்கும் திரும்பினர். இது சிறிய முன்னேற்றமன்று.

அவ்வாதங்களின் ஓசை கடல் கடந்தும் சென்றது. பாணந்துறை வாதத்தின் ஆங்கில நூல் அமெரிக்காவை எட்டிற்று. அதன் வாயிலாக இலங்கைப் பௌத்தரை அறிந்த கேணல் ஒல்கொட், 1880 இல் இலங்கைக்கு வந்து பௌத்த கல்வி இயக்கத்துக்குத் துணைநின்றார். மேலைநாட்டு நாத்திகர் பைபிளைக் கண்டித்து எழுதிய நூல்கள், இலங்கைப் பௌத்தர் கையிலே படைக்கலமாயின. சென்னையிலே 1878 இல் தோன்றிய இலௌகிக சங்கத்தார், 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ் இதழ் நடத்தி, எல்லாச் சமயத்தையும் ஒருங்கே மறுத்தனர்.

இனி, வாதத்தின் முடிவு யாது? உலகத்தின் ஒழுங்கைக் கண்டு அதற்கு ஒரு கருத்தாவை ஊகிப்பவன், அவ்வுலகிலே குழந்தைக்கும் வரும் கொடுநோய்க்கு விடை கூறல் வேண்டும். கருத்தா இல்லை என்பவன், காண்பார் ஒருவரும் இல்லாத இடத்திலே மனிதன் அறம் வழுவாதிருப்பதற்குக் காரணம் காட்டல் வேண்டும். வினையே போதும் என்னும் பௌத்தனை நோக்கி, வினை அறிவற்ற சடம், அதைச் செய்தவனிடம் சேர்ப்பிப்பவன் யார் என்று சைவ சித்தாந்தி கேட்பான். ஒவ்வொருவனுக்கும் விடையிறுக்க வேண்டிய கடன் ஒன்று உண்டு. கம்பளைக் கூட்டமும் பாணந்துறைக் கூட்டமும் அக்கடனைத் தீர்த்துவிடவில்லை. ஆயினும் எதிரியின் முகத்துக்கு நேரே நின்று அதை ஒப்புக்கொள்ளச் செய்தன.

கம்பளையின் வரலாறு மற்றொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அந்நகர் வலஹகொட தேவாலயத்தின் பெரஹர, பள்ளிவாசலைக் கடக்கும்பொழுது மேளம் முழங்கலாமா என்ற பிணக்கு 1912 இல் முற்றியது. அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. தேவாலயத்தார் 1815 ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குத் தொடுத்தனர். 1914 இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்த்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் வேளையிலே கண்டியில் மூண்ட கலவரம் பல மாகாணங்களுக்குப் பரவியது. முஸ்லிம்களின் கடைகள் ஆயிரக்கணக்கில் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிந்தன, உயிர்கள் பல மாண்டன. இராணுவச் சட்டத்தின் கீழும் பலர் கொல்லப்பட்டனர். வாணிகப் பொறாமையும் வதந்தியும் அத்தீக்கு நெய் வார்த்தன. அந்த நாட்களிலே கடவுள் உண்டா, இல்லையா என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. தெருவும் மேளமுமே பொருளாயின. கடவுளை மறுத்த வாதம் ஓர் ஊரையும் எரிக்கவில்லை. கேள்வியும் மறுமொழியும் நின்றபோதே ஊர் எரிந்தது.

கம்பளைக்கும் கண்டிக்கும் இடையே, உடுநுவரையில், லங்காதிலக விகாரை இருக்கிறது. நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344 அளவிலே எழுந்தது அது. படைப்புக் கடவுளை ஏற்காத புத்தரின் சிலை அங்கே ஒரு புறம் வீற்றிருக்கிறது. அதே கட்டடத்தின் மறுபுறத்தில் கணபதிக்கும் கந்தனுக்கும் பிற தெய்வங்களுக்கும் இடம் அளிக்கப்பட்டிருக்கிறது. அருகேயுள்ள பாறையிலே அக்கோயிலுக்கு வழங்கிய நிலங்களைப் பற்றிய சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அதைக் கட்டியோரும் கல்லில் எழுதியோரும் கடவுள் வழக்கைத் தீர்த்துவைத்தவர் அல்லர். இரு விடைகளும் ஒரு கூரையின் கீழ் இருக்கலாம் என்று மட்டும் கண்டவர்கள்.