கை தூக்காத பிள்ளைக்குக் காது கேட்கிறதா?

மதுரையிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸில் மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி வரும். அங்கே ஒரு பள்ளிப் பிள்ளைக்குக் காதை முழுசாகப் பரிசோதிக்க வேண்டுமென்றால் மதுரைப் பெரியாஸ்பத்திரி வரை போக வேண்டியிருக்கும். பஸ் செலவு மட்டுமல்ல, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒரு நாள் கூலியும் போச்சு. காமர்ஸ் பாடத்தில் இதற்கு 'வாய்ப்புச் செலவு' என்று பெயர்!

சரி, பள்ளிக்கூடத்தில் காதைச் சோதிக்கும் வழக்கம் எப்போது வந்தது? 1920களில், அமெரிக்காவில். பெல் ஆய்வகத்தின் ஹார்வி பிளெட்சர் குழுவினர் கிராமபோன் தட்டில் எண்களைப் பதிவு செய்தார்கள். குரல் குறைந்துகொண்டே போகும். ஒரே நேரத்தில் 40 பிள்ளைகள் வரை காதில் மாட்டிக்கொண்டு, கேட்ட எண்ணை எழுத வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் எழுதத் தெரியாத பிள்ளை? மனவளர்ச்சி குன்றிய பிள்ளை? 'சத்தம் கேட்டால் கை தூக்கு' என்றாலே புரியாத பிள்ளைக்கு எந்த மார்க் போடுவது?

இதற்கு விடை வர அரை நூற்றாண்டு ஆனது. ஒலி கேட்டதும் நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின் அலைகளைத் தலையில் ஒட்டும் மின்முனைகளால் பதிவு செய்யலாம் என்று 1970ஐ ஒட்டி ஜூவெட் என்பவர் காட்டினார். இதுதான் ஏ.பி.ஆர். சோதனை. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப், உட்காதே மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்று கண்டுபிடித்தார். இரண்டிலும் பிள்ளை பதிலே சொல்ல வேண்டாம், தூங்கினாலும் போதும்!

மிச்சமிருந்தது தூரம். இந்தியாவில் மைசூரில் பேச்சு, கேட்புக்கான தேசிய நிறுவனம் 1965லேயே வந்துவிட்டது. ஆனாலும் ஆடியாலஜிஸ்டுகள் பெரும்பாலும் நகரங்களில்தான். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் வித்யா ராம்குமார் குழுவினர் இதற்கு ஒரு வழி செய்தார்கள். செயற்கைக்கோள் இணைப்புள்ள வேன் ஒன்றில் கருவி இருக்கும். குழந்தையின் தலையில் மின்முனை ஒட்ட அங்கே ஓர் ஆள். கருவியை இயக்கி அலையைப் படிப்பவர் தூரத்தில் இருக்கும் நிபுணர். 2013இல் வெளியான அவர்கள் ஆய்வில், நேரில் செய்ததற்கும் தூரத்திலிருந்து செய்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அது பச்சிளங்குழந்தைகளுக்கான சோதனை. ஆனால் பதில் சொல்ல முடியாத பள்ளிப் பிள்ளைக்கும் அதே முறை பொருந்தும்தானே?

குறைகளும் உண்டு. காதில் குறும்பி அடைத்திருந்தால் முடிவு தவறிப்போகும். மின்முனை ஒட்டப் பயிற்சி வேண்டும். வகுப்பறை இரைச்சலில் சோதனை நடக்காது, அமைதியான அறை வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பள்ளிப் பிள்ளைகளிடையே ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கச் சொல்கிறது. கணக்கு அவசியம்தான். ஆனால் 'மந்தம்' என்று கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைக்கு உண்மையில் காதுதான் கேட்கவில்லையா என்று தலையை எண்ணினால் தெரியாது, சோதித்தால்தான் தெரியும். பிள்ளை மதுரைக்குப் போவதை விட, சோதனை கொட்டாம்பட்டிக்கு வருவது மலிவு. செலவுக் கணக்கு தெரிந்த யாரும் இதை ஒப்புக்கொள்வார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் நண்பர்களே?