ஸ்பூன் பிடிக்கப் பழகுன கதை

டிஸ்கி: குழந்தை வளர்ப்பு பத்தி அட்வைஸ் பண்ற அளவுக்கு எனக்கு சரக்கு கிடையாது. பொட்டி தட்டிப் பொழைக்கிறவன். ஒரே பொண்ணு, அவளுக்கு இருபது மாசம். அதனால இது வரலாற்றுப் பதிவு மட்டுமே :-)

திருப்பூர் பக்கம் ப்ளே ஸ்கூல் விசாரிக்கப் போனா கையில ஒரு லிஸ்ட் குடுத்துடறாங்க. ஸ்நாக்ஸ் டப்பா, தண்ணி பாட்டில், மாத்துத் துணி, ஒரு ஸ்பூன். "ஸ்பூன்ல தானா சாப்பிடப் பழக்கி அனுப்புங்க"ன்னு வாய்மொழியா ஒரு குறிப்பு வேற. இதுல எங்க வீடு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு போச்சு. "கை இருக்கறப்ப கரண்டி எதுக்கு கண்ணு?" இது எங்கம்மா. "நாளைக்கு அவ நாலு பேர் கூட ஓட்டல்ல உக்காந்து சாப்பிட வேணாமாங்க?" இது என் வூட்டுக்காரி. அவங்க எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு பையர்களோட டின்னர் எல்லாம் பார்த்தவங்க. எந்தக் கட்சியிலயும் சேர தைரியம் இல்லாத நான் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பிச்சேன். அதுல கிடைச்சதுதான் கீழே.

முதல்ல நம்ம கதை. குழந்தை சாப்பிடறதை சங்கத் தமிழ் ரொம்ப உன்னிப்பா கவனிச்சிருக்கு. புறநானூறு 188ஆம் பாட்டை எழுதினவர் ஒரு அரசர், பாண்டியன் அறிவுடை நம்பி. ஒரு பொடிசு தத்தித் தத்தி வந்து நெய்ச் சோத்துல கையை விட்டு, சிதறி, மேலெல்லாம் பூசிக்கிற காட்சியை வரிசையா சொல்லி, இந்த அமளி இல்லாத செல்வம் எல்லாம் என்ன செல்வம்னு முடிக்கிறார். திருவள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்துல, பிள்ளை கைவிட்டுத் துழாவின கூழுக்கு முன்னாடி அமிழ்தத்தையே ரெண்டாம் இடத்துக்குத் தள்ளிட்டார். ரெண்டு பேர் பாட்டுலயும் சாப்பாட்டைத் தொடறது குழந்தையோட கை. ரெண்டு பேருமே அது சிந்தினதுக்காக திட்டலை. சொல்லப் போனா அந்தச் சிந்தலைத்தான் பாடியிருக்காங்க.

ஊட்டி விடற கதையும் இருக்கு. நற்றிணை 110ல ஒரு செவிலித்தாய் ஒரு கையில பொன் கிண்ணத்துல தேன் கலந்த பால், இன்னொரு கையில சின்னக் கோலோட, சாப்பிட மாட்டேன்னு ஓடுற பொண்ணுக்குப் பின்னாடி மூச்சு வாங்க ஓடுறா. இன்னைக்கு கோலுக்குப் பதிலா செல்போன். மத்தபடி காட்சி அதேதான்!

இதுல வேடிக்கை என்னன்னா, தமிழ்க் குழந்தை வாயில வெக்கிற முதல் பாத்திரம் கிட்டத்தட்ட ஒரு கரண்டிதான். பாலாடை, சங்குன்னு சொல்றோமே அது. மூக்கு நீட்டின குட்டிக் கிண்ணம். குறைமாசத்துல பிறந்த குழந்தைகளுக்குப் பால் புகட்ட இந்திய ஆஸ்பத்திரிகள்ல இன்னைக்கும் பாலாடை பயன்படுது. ஆக நாம குழந்தையை உலோகத்துல ஆரம்பிச்சு, அப்புறமா கைக்குக் கூட்டிட்டு வர்றோம்.

பெரியவங்க கரண்டியில ஏன் சாப்பிடலை? கரண்டி செய்யத் தெரியாம இல்லை. அகப்பை, கரண்டி, சட்டுவம்னு வகை வகையா வெச்சிருந்தோம். ஆனா அதெல்லாம் அள்ளவும் கிளறவும் பரிமாறவும்தான். பரிமாறினதோட அதன் வேலை முடிஞ்சுது. வாயில பட்டா எச்சில். எச்சிலானது மறுபடி பொதுப் பாத்திரத்துக்குள்ள போகக் கூடாது. அதனால ஆளுக்கு ஒரு இலை. வலது கை சாப்பிட, பரிமாறுறவங்க கை இலையில படாது. 'அடுத்தவன் விரல் என் சோத்துல படக் கூடாது'ங்கற பிரச்சினைக்கு நம்மாளுங்க கண்டுபிடிச்ச தீர்வு இது.

இதே பிரச்சினை ஐரோப்பாவுக்கும் இருந்துச்சு. அங்கே மேசை நடுவுல ஒரே பெரிய தட்டு. 1530ல எராஸ்மஸ்ங்கற டச்சு அறிஞர் சிறுவர்களுக்கான நடத்தை நூல் ஒண்ணை லத்தீன்ல எழுதினார். மொத்த ஐரோப்பாவுலயும் பரபரப்பா வித்த புத்தகம். அதுல அவர் சொல்ற அறிவுரை என்ன தெரியுமா? மூணு விரலால எடுத்துச் சாப்பிடு. முழுக் கையையும் தட்டுல விடாதே. எண்ணெய்ப் பிசுக்கை நக்காதே, சட்டையிலயும் துடைக்காதே, துணியில துடை. அதாவது 500 வருஷம் முன்னாடி ஐரோப்பிய மேட்டுக்குடிப் பையனுக்கும் கையால நாகரிகமா சாப்பிடத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. கத்தியும் ஸ்பூனும் அங்கே பழசு. முள்கரண்டிதான் லேட் என்ட்ரி.

லேட் மட்டும் இல்லை, திட்டும் வாங்கிச்சு. 11ஆம் நூற்றாண்டுல பைசாந்தியத்துல இருந்து வெனிஸுக்கு வாழ வந்த ஒரு சீமாட்டி கையால தொடாம ரெண்டு முள்ளு தங்கக் கரண்டியால சாப்பிட்டதை பீட்டர் டாமியன்ங்கற துறவி ஆடம்பரத்தின் உச்சம்னு சாடி எழுதினார். 1608ல தாமஸ் கோரியட்ங்கற இங்கிலாந்துக்காரர் இத்தாலி போய் முள்கரண்டியைப் பார்த்து அசந்து, ஊர் திரும்பி அதே மாதிரி சாப்பிட ஆரம்பிச்சார். கூட்டாளிங்க எல்லாம் கிண்டல் பண்ணாங்க. 1611ல வந்த பயண நூல்ல அதுக்கான காரணத்தையும் எழுதியிருக்கார்: எல்லார் விரலும் ஒரே மாதிரி சுத்தமா இருக்காதாம், அதனால பொதுத் தட்டுல விரல் படறது இத்தாலிக்காரனுக்குப் பிடிக்காதாம்.

கவனிங்க, அதே பிரச்சினை. நாம தட்டைப் பிரிச்சோம், அவங்க விரலுக்கும் சோத்துக்கும் நடுவுல இரும்பை வெச்சாங்க. ரெண்டும் தீர்வுதான். இதுல எவன் நாகரிகமானவன்ங்கற கேள்விக்கே இடம் இல்லை. (இந்தக் கோரியட் அப்புறம் நடந்தே இந்தியா வந்து, 1617ல சூரத்துல செத்துப் போனார். கையால சாப்பிடற நம்மாளுங்களைப் பார்த்து என்ன நினைச்சிருப்பாரோ!)

ஸ்பூன் எல்லார் வீட்டுக்கும் வந்ததுக்கு எவர்சில்வர் ஒரு முக்கியக் காரணம். அது வேற கதை. 1913ல ஷெஃபீல்டுல ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல எஃகு தேடப் போய், துருப்பிடிக்காத இரும்புல வந்து நின்னார். கத்தி, கரண்டிக்குப் பேர் போன ஊர் அது, சும்மா விடுவாங்களா? நமக்குப் பக்கத்துல சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்துல எவர்சில்வர் தகடு உருட்ட ஆரம்பிச்சுது.

அதே நேரத்துல தமிழ்நாட்டுல இன்னொண்ணும் நடந்துச்சு. 1982 ஜூலை 1, திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பிச்சார். பள்ளிக்கூடப் பசங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சுட்டு இருந்தேன். இல்லை, ரெண்டு வயசு தாண்டின குழந்தைகளுக்கும் மையங்கள்ல சாப்பாடு. யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆயா, முப்பது நாப்பது வாண்டுங்க. ஒவ்வொண்ணுக்கா ஊட்ட முடியுமா? கையைக் கழுவி, வரிசையா உக்கார வெச்சு, தட்டுல சோத்தைப் போட்டா அதுங்களே சாப்பிட்டுக்கணும். பக்கத்துப் பொடிசைப் பார்த்து இந்தப் பொடிசும் கத்துக்கும். ஸ்பூன் இல்லாம, ஆனா தானா சாப்பிடறதை லட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் பழக்கின இடம் அது. அப்பனும் ஆத்தாளும் பனியன் கம்பெனிக்கு ஷிப்டு போற நம்ம ஊருக்கு இதோட அருமை நல்லாவே தெரியும்.

மருத்துவர்கள் என்ன சொல்றாங்க? அமெரிக்காவுல ஆர்னால்ட் கெசலும் ஃபிரான்சிஸ் இல்கும் குழந்தைகள் சாப்பிடறதைப் பத்தி மட்டுமே 1937ல ஒரு முழுப் புத்தகம் போட்டாங்க. இன்னைக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், அதாவது சி.டி.சி., 2022ல திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் பட்டியல் இப்படிப் போகுது: 15 மாசத்துல விரலால கொஞ்சம் எடுத்துச் சாப்பிடும். 18 மாசத்துல ஸ்பூன் பிடிக்க முயற்சி பண்ணும். 2 வயசுல ஸ்பூன்ல சாப்பிடும். 3 வயசுல முள்கரண்டி. முள்கரண்டி தேசத்துப் பட்டியல்லயே முதல்ல வர்றது விரல்தான். எங்கம்மாவுக்கு இதைப் படிச்சுக் காட்டினேன், ஒரே சிரிப்பு :-)

காரணமும் எளிசுதான். ஸ்பூனை நேரா வெச்சுக்கவே மணிக்கட்டைத் திருப்பத் தெரியணும். ஆரம்பத்துல குழந்தை அதை முஷ்டியில கரண்டு கம்பி மாதிரி பிடிக்கும். வாய்க்குப் பக்கத்துல வர்றப்ப ஸ்பூன் கவுந்துடும், சோறு மடியில. அதனால சூப்பு, ரசம் மாதிரி ஓடுறதைக் குடுக்காம, ஒட்டிக்கிற பருப்புச் சோறு, தயிர்ச் சோறு, களின்னு ஆரம்பிச்சா கவுந்தாலும் ஒரு வாய் மிஞ்சும். கழுத்துல ஒரு பிப் கட்டிட்டா சட்டை தப்பிக்கும். வண்டி வண்டியா பிப்பும் ரோம்பரும் தச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற ஊரு நம்மது. ஆனா நம்ம வீட்டுக் கொடியில பிப் காயறது அபூர்வம். ஏன்னா நாமதான் சிந்தவே விடறதில்லையே, ஊட்டி விட்டுடறோமே!

இது ஏன் வெறும் ஸ்பூன் விஷயம் இல்லைன்னு ரெண்டு சம்பவம் சொல்றேன். 2006ல கனடாவுல மாண்ட்ரியல் பக்கம், பிலிப்பைன்ஸ் வம்சாவளியைச் சேர்ந்த 7 வயசுப் பையன் பள்ளிக்கூடத்துல தன் வீட்டு வழக்கப்படி முள்கரண்டியால தள்ளி ஸ்பூன்ல அள்ளிச் சாப்பிட்டான். ஸ்பூனும் முள்கரண்டியும் ரெண்டுமே கையில இருந்துச்சு, அப்படியும் 'நாகரிகம் பத்தாது'ன்னு கண்டிச்சு தனியா உக்கார வெச்சாங்க. அம்மா விடலை. 2010ல கியூபெக் மனித உரிமைத் தீர்ப்பாயம் 17,000 டாலர் இழப்பீடு குடுக்கச் சொல்லித் தீர்ப்பு சொல்லுச்சு. 2011ல நார்வேயில ஒரு இந்தியத் தம்பதியோட ரெண்டு குழந்தைகளைக் குழந்தை நலத்துறை எடுத்துட்டுப் போச்சு. கையால ஊட்டினதையும் ஒரு குறையாச் சொன்னாங்கன்னு பெற்றோர் சொன்னாங்க. கலாச்சார வேறுபாடு காரணமே இல்லைன்னு அதிகாரிகள் மறுத்தாங்க. 2012 ஏப்ரல்லதான் குழந்தைங்க இந்தியா வந்து சேர்ந்துச்சுங்க. ஒரு கவளம் சோறு எப்படி வாய்க்குப் போகுதுங்கறதை வெச்சு ஒரு குழந்தையோட குடும்பத்தையே எடை போடற ஆளுங்க இருக்காங்கன்னு ஒரு தகப்பனா அந்தச் செய்திகளைப் படிக்கறப்ப வயித்தைக் கலக்குது.

அதே எடைக்கல்லை நாமளும் கையில வெச்சிருக்கோமான்னு யோசிக்கணும். ஸ்பூன் பிடிக்கத் தெரிஞ்சா 'ஸ்மார்ட்', கையில பிசைஞ்சா 'பட்டிக்காடு'ன்னு ரெண்டு வயசுக் குழந்தை மேல சீட்டு ஒட்டாதீங்க. ஸ்பூன் பழகட்டும், அது ஒரு திறமை, எங்கே போனாலும் உதவும். கையும் பழகட்டும், ரசஞ்சோத்தை சிந்தாம நாலு விரல்ல அள்ளிக் கட்டைவிரலால தள்ளி வாயில போடறதும் சாமானியத் திறமை இல்லை.

நாம நிஜமா கவலைப்பட வேண்டியது நாலு வயசு வரைக்கும் செல்போனைக் காட்டி வாயில திணிக்கிறதைப் பத்திதான். அந்தக் குழந்தை ஸ்பூனும் கத்துக்கலை, கையும் கத்துக்கலை, தன் பசி எப்போ அடங்குச்சுன்னும் தெரிஞ்சுக்கலை.

ஒரு தட்டு, கொஞ்சம் சோறு, பக்கத்துல ஒரு சின்ன ஸ்பூன், கீழே விரிக்க ஒரு பழைய துண்டு. எதை எடுக்குதோ எடுக்கட்டும்ங்க. உங்க வீட்டு வாண்டு எது கட்சின்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.