ஒரு விண்ணப்பமும் ஏழு பெயர்களும்

அறிவியல் வரலாற்றைக் கண்டுபிடிப்புக் கணங்களின் வரிசையாகவே படித்து நாம் பழகியிருக்கிறோம். கண்ணாடித் தட்டில் பூஞ்சை படிந்தது, 1928ல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் அதைக் கண்டார், உலகம் பிழைத்தது. பெனிசிலின் பற்றி நம் பாடநூல்கள் சொன்ன கதை ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் ஃப்ளெமிங்கின் கட்டுரை 1929ல் வெளிவந்த பிறகு பத்தாண்டுக்காலம் அது பெரும்பாலும் ஆய்வக ஆர்வப் பொருளாகவே கிடந்தது. அதை மருந்தாக்கியது ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய ஒரு குழு. அந்தக் குழு எப்படிக் கூடியது, அதற்கு யார் படியளந்தார்கள் என்ற கதையில் பரவசமான கணங்கள் குறைவு. கடிதங்களும் சம்பளக் கணக்குகளும் மனத்தாங்கல்களுமே அதிகம். நமக்கு அதுவே சுவையான பகுதியாகப் படுகிறது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்த ஹோவர்ட் ஃப்ளோரி, 1935ல் ஆக்ஸ்ஃபோர்டின் சர் வில்லியம் டன் நோய்க்குறியியல் கூடத்துக்குப் பேராசிரியராக வந்தார். கட்டடம் பெரிது, கைச்செலவுக்குப் பணமில்லை. அவர் உடலியங்கியலில் வல்லவர். வேதியியல் அவருடைய துறையன்று. தமக்குத் தெரியாததைத் தெரிந்த ஒருவரைத் தம் கூரையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று வந்தவுடனே அவர் முடிவு செய்தார். இன்று எளிதாகத் தோன்றும் இம்முடிவு, துறைகளுக்கிடையே மதில் எழுப்பி வாழ்ந்த அன்றைய பல்கலைக்கழகத்தில் அவ்வளவு இயல்பானதல்ல. கேம்பிரிட்ஜின் ஃப்ரெடரிக் கௌலாண்ட் ஹாப்கின்ஸ் பரிந்துரைத்த பெயர் எர்ன்ஸ்ட் செயின். பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933லேயே இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். பியானோ வாசிப்பதில் தேர்ந்தவர். உணர்ச்சிவேகமும் உரத்த குரலும் உடையவர். ஃப்ளோரியோ சொற்சிக்கனக்காரர். இவ்விருவரின் கூட்டு சில ஆண்டுகளாவது நிலைத்ததே வியப்புதான்.

ஃப்ளெமிங் முன்னர் கண்டறிந்திருந்த லைசோசைம் என்ற நொதியை ஆராய்ந்துகொண்டிருந்த செயின், 1938ல் பழைய சஞ்சிகைகளைப் புரட்டியபோது 1929ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கண்டார். அந்தப் பூஞ்சையைத் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. ஃப்ளோரிக்கு முன்பு அங்கே பேராசிரியராக இருந்தவரின் ஆய்வுக்காகப் பெறப்பட்டு அதே கட்டடத்தில் வளர்க்கப்பட்டு வந்தது. கண்ணெதிரே ஆண்டுக்கணக்கில் இருந்த பொருளுக்குக் கேள்வி கேட்கும் ஆள் வந்து சேரவேண்டியிருந்தது, அவ்வளவே.

கேள்வி கிடைத்துவிட்டது. பணம்? கூடத்தின் வங்கிக் கணக்கு இருப்புக்கு மேல் எடுத்த நிலையில் இருந்தது. புதிதாக எதையும் வாங்கக் கூடாதென்று செயினுக்கு உத்தரவு. 1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. மூன்றாம் நாள், செப்டம்பர் 6 அன்று, மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் செயலாளர் எட்வர்ட் மெல்லன்பிக்கு ஃப்ளோரி எழுதினார். செயினின் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 300 பவுண்டு, செலவுக்கு 100 பவுண்டு என்ற அளவில்தான் பேச்சு இருந்தது. பெருந்திட்டம் ஒன்றுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நவம்பரில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பிரதிநிதி ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். ஃப்ளோரி அவ்வறக்கட்டளைக்குப் புதியவரல்லர். 1925ல் அதன் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று வந்தவர். ஊக்கம் கிடைத்ததும் விண்ணப்பம் எழுதப்பட்டது. அது யாருக்குப் போகிறது என்பதை எழுதியவர்கள் மறக்கவில்லை. அறக்கட்டளையின் இயற்கை அறிவியல் பிரிவை நடத்திய வாரன் வீவர், உயிரியலுக்குள் வேதியியலையும் இயற்பியலையும் கொண்டுவருவதில் நாட்டம் கொண்டவர். எனவே நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று அழிக்கச் சுரக்கும் பொருள்களின் வேதியியலே திட்டத்தின் முகப்பில் நின்றது. பெனிசிலின் அவற்றுள் ஒன்று. மருத்துவப் பயன் ஏற்படக்கூடும் என்பதும் அடக்கமாகச் சொல்லப்பட்டது. இதைத் தந்திரம் என்று நாம் கருதவில்லை. தம்மை ஈர்த்தது அறிவியல் ஆர்வமே என்றும், மருந்து காணும் எண்ணத்தோடு தாம் தொடங்கவில்லை என்றும் செயின் பின்னாளிலும் சொல்லிவந்தார். மருந்தை உறுதியளிக்காத ஒரு விண்ணப்பத்துக்கு, போர்க்காலத்தில், அயல்நாட்டு நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 5,000 டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு வழங்கியது.

மூன்றாமவரின் வருகை போரின் விளைவு. நார்மன் ஹீட்லி கோபன்ஹேகனில் ஆய்வு செய்யப் புறப்படவிருந்தார். போர் மூண்டதால் பயணம் நின்றது. ஃப்ளோரி அவரைத் தங்கச் சொன்னார். செயினின் கீழ் பணிபுரிய ஹீட்லிக்கு விருப்பமில்லை. தமக்கே நேரடியாகப் பொறுப்பாக இருக்கலாம் என்று ஃப்ளோரி ஏற்பாடு செய்துகொடுத்தார். இந்தச் சிறிய நிர்வாக ஏற்பாடு இல்லையேல் இன்று நாம் எழுதும் கட்டுரை வேறாக இருந்திருக்கும். அமிலநிலையில் ஈதருக்குள் சென்ற பெனிசிலினைச் சற்றே காரமான நீருக்குத் திரும்ப இழுத்துவிடலாம் என்ற யோசனை ஹீட்லியுடையது. மருந்தின் வீரியத்தை அளக்கும் முறையும் அவருடையதே. பூஞ்சை வளர்க்க மருத்துவமனை மலக்கலங்களைப் பயன்படுத்தினார். பிரித்தெடுக்கும் கருவியை அவர் பொருத்திய சட்டம், பாட்லியன் நூலகம் கழித்துக்கட்டிய ஒரு பழைய புத்தக அலமாரி. நூலகங்களில் காலம் கழிக்கும் நம்மைப் போன்றோருக்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை.

1940 மே 25, சனிக்கிழமை. எட்டு எலிகளுக்குக் கொடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் செலுத்தப்பட்டன. நான்குக்கு மட்டும் பெனிசிலின். ஹீட்லி இரவெல்லாம் விழித்திருந்தார். அதிகாலை மூன்றரை மணிக்குள் மருந்து பெறாத நான்கும் மடிந்தன. அன்று மாலை டன்கிர்க்கிலிருந்து படைகளை மீட்கும் பணி தொடங்கியது. ஜெர்மானியர் வந்திறங்கினால் ஆய்வு அழிந்துபோகாதிருக்க, பூஞ்சைத் துகள்களைத் தம் மேலங்கிகளின் உட்புறத்தில் தேய்த்துவைத்தனர். ஆகஸ்ட் 24ஆம் நாள் லான்செட் இதழில் வெளியான கட்டுரையில் ஏழு பெயர்கள் அகரவரிசையில் இருந்தன. தலைவரின் பெயர் இரண்டாவது. அதைப் படித்த ஃப்ளெமிங் நேரில் வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்றே அதுவரை நினைத்திருந்த செயின் திகைத்தார்.

1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு மருந்து கொடுக்கப்பட்டது. அவர் தேறினார். மருந்து தீர்ந்தது; சிறுநீரிலிருந்து மீட்டெடுத்து மீண்டும் செலுத்தினார்கள்; அதுவும் தீர்ந்து, மார்ச் 15 அன்று அவர் இறந்தார். குண்டுவீச்சுக்குள்ளான பிரிட்டனின் தொழிற்சாலைகளால் வேண்டிய அளவு தயாரிக்க இயலவில்லை. ராக்ஃபெல்லர் செலவில் ஃப்ளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா சென்றார்கள். அங்கே மருத்துவ ஆராய்ச்சிக்கான அரசுக் குழுவின் தலைவரானவர் ஆல்ஃப்ரெட் நியூட்டன் ரிச்சர்ட்ஸ். 1925ன் உதவித்தொகையில் ஃப்ளோரி யாரிடம் பணிபுரிந்தாரோ அவரே. பியோரியா நகர ஆய்வகத்தில் மக்காச்சோள மாவுத் தயாரிப்பில் எஞ்சும் ஊறல் நீர், விளைச்சலைப் பன்மடங்காக்கியது.

செயினுக்கு இப்பயணம் பற்றிப் புறப்படும் நாளில்தான் தெரிந்தது. அந்தக் காயம் ஆறவில்லை. காப்புரிமை பெற வேண்டுமென்று அவர் வற்புறுத்தியதை மெல்லன்பியும் ராயல் சொசைட்டித் தலைவர் ஹென்றி டேலும் அறமற்ற செயலென்று தள்ளியிருந்தனர். பின்னர் அமெரிக்காவில் தயாரிப்பு முறைகளுக்குக் காப்புரிமைகள் பெறப்பட்டன. செயினின் வாதத்தில் பேராசையைக் கண்டவர்கள், ஜெர்மனியின் ஆய்வகமும் தொழிற்சாலையும் இணைந்த மரபில் வளர்ந்தவர் அவர் என்பதைக் காணத் தவறினார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1948ல் அவர் ரோம் நகருக்குப் பணிபெயர்ந்தார்.

1945ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஃப்ளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும் கிடைத்தது. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர்வதில்லை. ஹீட்லி ஆக்ஸ்ஃபோர்டிலேயே பணியைத் தொடர்ந்தார். 1990ல் அப்பல்கலைக்கழகம் அவருக்கு மருத்துவத்தில் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. மருத்துவரல்லாத ஒருவருக்கு அதன் நெடிய வரலாற்றில் அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு வயது 79.